பொலியில் ஒரு பங்கு

ஹெந்தளைக்கு அருகே வத்தளையூடாக வடக்கே செல்லும் வீதி புத்தளத்தை அடைகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் அங்கேதான் தஞ்சமடைந்தனர். மன்னார், முசலிப் பகுதி விவசாயிகளும் அவர்களுள் இருந்தனர். வயலும் வீடும் கைவிட்டுப் போயின. தமிழ்மொழியும் மார்க்கமும் கூடவே வந்தன.

அந்த மார்க்கம் உழவனின் களத்துமேடு வரை வருகிறது. விளைச்சலுக்குரிய ஸகாத்தை ‘உஷ்ர்’ என்பர். மழையை நம்பி விளைந்த வயலென்றால் ஏழைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு. பாடுபட்டு நீர் இறைத்த வயலென்றால் இருபதில் ஒரு பங்கு. அதாவது 100 மூடைக்கு 10 அல்லது 5. உழவனின் வியர்வையையும் கணக்கில் எடுத்த ஒழுங்கு இது. அப்பங்கு பிச்சையல்ல, பெறுபவரின் உரிமை.

பொலியில் பங்கு கொடுத்த கைகள் 1990இல் நிவாரண வரிசையில் நின்றன. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டனர்.

நிலம் இழந்த குடும்பங்களே, இதிலிருந்து நாம் கற்பது என்ன? உதவி பெறும்போது நாம் தலைகுனிய வேண்டியதில்லை. மீண்டும் விதைத்து அறுக்கும் நாளில், அயலில் உள்ள ஏழையின் பங்கை மறவாதிருப்போம். அவர் எம்மதத்தவர் ஆயினும்.