இரவல் கூந்தலின் சிக்கும் சொந்த முடியின் பாதுகாப்பும்

தலைமுடியில் விழும் சிக்கு ஒரு சிறிய விடயமாகவே பலருக்கும் தோன்றும். ஆனால், ஆபிரிக்காவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் பிரித்தானியாவிலும் வாழும் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அது பணமும் நேரமும் உடல்நலமும் சம்பந்தப்பட்ட ஒரு பிரச்சினையாகும். அவர்கள் பெரிதும் விரும்பி அணியும் 'குறோசே' கூந்தலில் சிக்கு ஏன் உண்டாகின்றது, அதை எவ்வாறு தவிர்ப்பது, உண்டானால் எவ்வாறு நீக்குவது என்பவற்றை இங்கு விளக்க விரும்புகின்றோம். இதில் எமது பெண்களும் அறிந்துகொள்ள வேண்டிய சில உண்மைகள் உள்ளன.

முதலில் இக்கூந்தல் அணியப்படும் முறையைப் பார்ப்போம். சொந்த முடி தலையோட்டை ஒட்டியவாறு வரிவரியாகப் பின்னப்படுகின்றது. சோளவயலின் வரிசைகளை ஒத்திருப்பதால் அமெரிக்காவில் இதனைக் 'கோர்ன்றோ' என்பர். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த கரீபியன் தீவுகளில் இதற்குக் 'கேன்றோ' என்று பெயர். எமது பெண்கள் றேந்தை பின்னப் பயன்படுத்தும் ஊசியை ஒத்த, ஆனால் முனையில் மூடித் திறக்கும் சிறு தாழ்ப்பாள் கொண்ட கொக்கி ஊசியொன்று அப்பின்னலின் அடியால் நுழைக்கப்பட்டு, இரவல் முடிக்கற்றை இழுத்தெடுக்கப்பட்டு முடிச்சிடப்படுகின்றது. நாள் முழுவதும் அமர்ந்திருந்து பின்னிக்கொள்ள வேண்டிய ஏனைய முறைகளுடன் ஒப்பிடுகையில் இது சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதுவே இதன் செல்வாக்குக்குப் பிரதான காரணம் எனலாம்.

இனி, சிக்கு ஏன் உண்டாகின்றது என்பதை நோக்குவோம். மனித முடியின் மேற்பரப்பு கூரையில் அடுக்கப்பட்ட ஓடுகளைப் போன்ற நுண்ணிய செதில்களால் ஆனது. இச்செதில்கள் யாவும் வேரிலிருந்து நுனியை நோக்கியே படிந்திருக்கும். ஒரு கற்றையிலுள்ள முடிகள் அனைத்தும் ஒரே திசையில் இருக்கும்வரை அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்லும். சில முடிகள் தலைகீழாகக் கலந்துவிட்டால் எதிரெதிரான செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சிக்கின் தொடக்கம் அதுவே.

இவ்விடத்தில் எமது அயல்நாட்டின் பங்கும் கவனிக்கத்தக்கது. உலகச் சந்தையிலுள்ள மனித முடியில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்தே செல்கின்றது. திருப்பதி திருமலையிலும் பழனி போன்ற தமிழகத் தலங்களிலும் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்படுகின்றது. அவற்றுள் வேரும் நுனியும் மாறாமல் கட்டாகக் கட்டப்பட்ட நீண்ட முடிக்கே விலை அதிகம். மறுபுறம், வீடுகளில் சீப்பில் உதிர்ந்து சேரும் முடியும் வாங்கப்படுகின்றது. இது திசை மாறிக் கலந்திருப்பதால், அமிலத்தில் தோய்த்துச் செதில்களை அகற்றி, சிலிக்கோன் பூசி மினுமினுப்பாக்குவதுண்டு. சில தடவைகள் கழுவியதும் அப்பூச்சு நீங்கிவிட, முடி சிக்காகிவிடும். மலிவாகக் கிடைத்த முடி ஒரு மாதத்தில் கம்பளியாகிவிடுவதன் காரணம் இதுதான்.

குறோசே பின்னலுக்கு மனித முடியைவிடச் செயற்கை இழையே அதிகம் பயன்படுகின்றது. ஜப்பானில் உருவான 'கனேகலோன்' என்ற இழை இவற்றுள் நன்கு அறியப்பட்டது. இவ்விழைகளில் செதில்கள் இல்லை. ஆயினும் உராய்வும் நிலைமின்னும் அவற்றைச் சுருட்டிப் பின்னிவிடுகின்றன. எண்ணெய்ச் சுரப்பிகளின் போசிப்பும் அவற்றுக்குக் கிடையாது. முஸ்லிம் வாசகர்களைப் பொறுத்தவரை, மனித முடியை ஒட்டிக்கொள்வதை நபிமொழிகளின் அடிப்படையில் மார்க்கச் சட்ட அறிஞர்களுள் பெரும்பாலோர் தடுத்துள்ளனர் என்பதும், முடியல்லாத பொருட்கள் குறித்து அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும் தெரிந்ததே. அவ்விடயத்தை அறிஞர்களிடமே விட்டுவிடுகின்றோம்.

சிக்கு முதலில் விழும் இடம் பிடரியாகும். சட்டையின் கழுத்துப்பட்டை, சால்வை, தலையணை ஆகியவற்றுடன் அப்பகுதியே ஓயாது உரசுகின்றது. தளர்ந்த அலைகளாகத் தொங்கும் முடி விரைவில் சிக்காகும். முறுக்கியோ பின்னியோ வரும் கற்றைகள் நீண்டகாலம் தாக்குப்பிடிக்கும். எனவே, பராமரிக்க நேரமில்லாதவர்கள் இரண்டாம் வகையைத் தெரிவுசெய்வதே புத்திசாலித்தனம். விரிந்த முடியையே விரும்புவோர், பிடரியில் மட்டுமாவது முறுக்கிய கற்றைகளை இடச்செய்யலாம். அடர்த்தி கூட்டுவதற்காகச் சுருள்களை மீண்டும் மீண்டும் பிரித்துவிடுவதும் சிக்குக்கு வழிவகுக்கும்.

பராமரிப்பில் இரவு நேரமே முக்கியமானது. பருத்தித் தலையணை உறை முடியைப் பற்றியிழுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே, முடியைச் சில பெரிய பின்னல்களாகத் தளர்வாகப் பின்னி, சாட்டின் அல்லது பட்டுத் துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு உறங்க வேண்டும். காலையில் விரல்களால் மட்டும் கோதிப் பிரித்தல் போதுமானது. நீருடன் சிறிதளவு கண்டிஷனர் கலந்து இலேசாகத் தெளித்தால் இழைகள் வழுக்கும். எண்ணெயை அள்ளிப் பூசுவது தவறு. அது தூசியைச் சேர்த்து முடியைப் பிசுபிசுப்பாக்கும். கழுவும்போது நீர்த்த ஷம்பூவைப் பின்னல் வரிகளுக்கிடையே இட்டு விரல் நுனியால் தேய்க்க வேண்டுமேயன்றி, முடியை உச்சியில் குவித்துக் கசக்கலாகாது. கழுவியபின் உட்பின்னல்கள் முற்றாக உலர்வதும் அவசியம். வெப்பம் தாங்கும் எனக் குறிப்பிடப்படாத செயற்கை இழையில் சூடான கருவிகளை வைத்தால் அது உருகிவிடும்.

இவ்வளவு கவனத்தையும் மீறிச் சிக்கு விழுந்தால், முழுத் தலையையும் ஒரே நேரத்தில் வாராமல் சிக்குண்ட கற்றையை மட்டும் தனியே பிரித்தெடுக்க வேண்டும். சிக்குக்கு மேலே, அதாவது தலைப்பக்கமாக, ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுவை வேரைச் சென்றடையாது. பின்னர் கண்டிஷனர் தடவி, முதலில் விரல்களாலும் பின்னர் பல் அகன்ற சீப்பாலும் நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேல்நோக்கி வரவேண்டும். மேலிருந்து கீழே வாரினால் சிறு சிக்குகள் யாவும் ஒரே முடிச்சாகிவிடும். எதற்கும் இசையாத இடத்தைக் கத்தரித்துவிடுவதில் நட்டமில்லை. இரவல் கற்றையை மீண்டும் வாங்கலாம். அதைக் காப்பாற்றுவதற்காகச் சொந்த முடியை வேரோடு இழப்பதே நட்டம்.

மிகப்பெரும் சேதம் நேர்வது இக்கூந்தலைக் கழற்றும்போதுதான். மனிதரின் தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 வரையான முடிகள் இயல்பாகவே உதிர்கின்றன. பின்னலுக்குள் அவை வெளியேற வழியின்றித் தங்கிவிடும். ஆறு வாரங்கள் அணிந்திருந்தால் 2,100 முதல் 4,200 வரையான உதிர்ந்த முடிகள் உள்ளே சேர்ந்திருக்கலாம். அத்துடன் தூசியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து பின்னலின் அடியில் கட்டியாகிவிடும். இந்நிலையில் தலையை நீரில் நனைத்தால் கட்டி மேலும் இறுகும். பல பெண்கள் கத்தரிக்கோலை நாடுவது இந்தத் தவறினாலேயே. சொந்த முடி முடிவடையும் இடத்தை உறுதிசெய்துகொண்டு அதற்குக் கீழே இரவல் முடியைக் கத்தரித்து, முடிச்சுகளை அகற்றி, பின்னல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அடியிலுள்ள கட்டியை எண்ணெய் அல்லது கண்டிஷனரால் இளக்கி, விரலால் பிரித்து, நன்கு வாரிய பின்னரே தலைமுழுக வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மேல் இதனை அணிந்திருப்பது உகந்ததன்று. மறுபடி அணிவதற்கு முன் தலைக்குச் சிறிது ஓய்வும் வேண்டும்.

இவ்வளவும் எதற்காக என்ற வினாவுக்கு மருத்துவம் விடை கூறுகின்றது. தொடர்ச்சியான இழுவையால் முடி நிரந்தரமாகக் கொட்டிப்போகும் நோய்நிலை 1907ஆம் ஆண்டிலேயே, இறுகக் கட்டிய கொண்டையணிந்த கிறீன்லாந்துப் பெண்களிடம் அவதானிக்கப்பட்டது. ஆகவே, இது ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் மேற்கொள்ளப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்ட பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இப்பாதிப்புக் காணப்பட்டது. நெற்றியோரத்தில் வலி, சிறு கொப்புளங்கள், முடி மெலிதல் ஆகியன முன் அறிகுறிகள். அந்தக் கட்டத்தில் இழுவையை நிறுத்தினால் முடி மீண்டும் வளரும். தழும்பு ஏற்பட்டபின் வளராது. பாடசாலைக்கு இறுகப் பின்னப்படும் இரட்டைச் சடைக்கும், பர்தாவினுள் இறுக்கிக் கட்டும் கொண்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இவ்வளவு சிரமப்பட்டு அணிவானேன் என்று கேட்பவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கறுப்பினப் பெண்களின் முடி, அது இயற்கையாக இருக்கும் விதத்திலேயே, பாடசாலைகளாலும் தொழில் நிறுவனங்களாலும் நீண்டகாலம் ஒழுங்கற்றதெனக் கருதப்பட்டு வந்தது. 2016இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் மாணவிகள் இதற்கெதிராகக் குரலெழுப்பினர். 2019இல் கலிபோர்னியா மாநிலம் முடியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைச் சட்டத்தால் தடைசெய்தது. அதனைத் தொடர்ந்து 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வாறே சட்டமியற்றின. அழகுணர்ச்சி ஒருபுறமிருக்க, சொந்த முடியை வெயிலிலிருந்தும் வாரலிலிருந்தும் காத்துவைக்கும் உறையாகவும் பலர் இக்கூந்தலைக் கருதுகின்றனர். அவ்வுறையே முடியைத் தின்றுவிடுமாயின் நோக்கம் பாழாகிவிடும்.

வாங்கும் பொருளின் தரத்திலும் விழிப்பு வேண்டும். 2025இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பொன்று பரிசோதித்த 10 செயற்கை முடி வகைகளில் 9இல் ஈயம் காணப்பட்டது. உற்பத்தியாளர்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அரசுகளுடையது. சிறுமிகளின் தலையில் இவற்றை ஏற்றுமுன் சிந்திக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

இரவல் பொருள் என்றேனும் ஒருநாள் திரும்பிப் போகவேண்டியது. அது போகும்போது எம்முடையதையும் கொண்டு போய்விடாதிருக்கப் பொறுமையும் சிறிது அறிவும் போதும் என்பதே எமது கருத்தாகும்.