நிலாவெளிக் கல்லும் தொல்லியல் அச்சமும்

சுவீடனின் ஹெல்கோ தீவில் 1950களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சிறு புத்தர் சிலை இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து சென்றது. வந்த வழியை அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர்.

நம்மிடம் உள்ளவை அதனினும் தெளிவாகப் பேசுகின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நிலாவெளித் தமிழ்க் கல்வெட்டு, திருகோணமலை மச்சகேஸ்வரத்துக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. பெரியகுளத்தருகே, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்ட வெல்கம் விகாரையிலோ, பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் ஈந்தோரைத் தமிழே பதிந்துள்ளது.

இத்தகைய மாவட்டத்தில் தொல்பொருள் என்றதும் காணி பறிபோகுமோ என மக்கள் அஞ்சுகின்றனர். அச்சம் காரணமற்றதன்று. 2020 இல் கிழக்குக்கென அமைக்கப்பட்ட தொல்லியல் செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவரையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டே களத்தில் இறங்குக என்கிறோம்.