பாடமும் பிளானும்: புதுக்கோட்டையில் ஓர் ஆர்க்கிடெக்ட்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் போய்ப் பார்ப்பது கொத்தனாரை. அப்ரூவலுக்கு ஒரு சிவில் இன்ஜினியர். மனையடியும் வாசற்படியும் பார்க்க ஒரு ஜோசியர். இந்த வரிசையில் ஆர்க்கிடெக்டுக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் பில்லர் எழும்பிய பிறகுதான் கூப்பிடுவார்கள்: “சார், எலிவேஷன் மட்டும் கொஞ்சம் எடுப்பா போட்டுக் குடுங்க.”

பி.ஆர்க். முடிக்கும் பிள்ளைகளில் பலர் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊர்ப்பக்கமே இருந்து பிழைக்க வேண்டும் என்பவருக்குக் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. கல்லூரியில் பாடம் நடத்துவது, கூடவே சொந்தமாக வடிவமைப்பு வேலை செய்வது. மாதச் சம்பளம் வாடகையையும் மளிகையையும் பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளர் சேரும்வரை பொறுத்திருக்கவும், பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லவும் அந்தச் சம்பளமே தெம்பு தரும். சொல்லும்போது சுலபமாகத் தெரிகிற இந்த ஏற்பாட்டில் இடறும் இடங்களும் உண்டு.

சட்டம் காப்பது பட்டப்பெயரை

1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்தாண்டு பி.ஆர்க். பட்டம் அந்தப் பதிவுக்கான வழி. ஆனால் பதிவு இல்லாதவர் பிளான் போடக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சட்டத்தின் 37ஆம் பிரிவு தடுப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத்தான், கட்டடம் வடிவமைக்கும் தொழிலை அல்ல.

இதோடு 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையும் சேர்ந்துகொண்டது. 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும் கொண்ட வீடு என்றால், உரிமையாளரே இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி வாங்கிவிடலாம். அந்த ஆண்டில்தான் மாநகராட்சியான புதுக்கோட்டையில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அப்ரூவல் வாங்கித் தருவதை மட்டும் நம்பி அலுவலகம் திறந்தவருக்கு இது கெட்ட செய்தி. வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவருக்கு அப்படியல்ல என்பேன். அலைச்சலுக்காகக் கூப்பிட்டவர்கள் குறைந்து, வடிவத்துக்காகக் கூப்பிடுகிறவர்கள் மட்டும் வருவார்கள்.

வகுப்பறைக்குள் நுழைவது

பி.ஆர்க். சேர, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நேட்டா தேர்வு. திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாள். துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.யில் 1980இலிருந்து கட்டடக்கலைத் துறை இருக்கிறது. புதுக்கோட்டைக்காரருக்கு அது கூப்பிடு தூரம்.

பாடம் நடத்த பி.ஆர்க். மட்டும் இன்று போதாது, எம்.ஆர்க். வேண்டும். அரசு ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரியில் அந்தத் தொகையை எதிர்பார்த்துப் போகிறவர், நேர்முகத் தேர்விலேயே தொகையைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பணியில் சேராமல் வாரத்தில் சில வகுப்புகள் மட்டும் எடுக்கும் வருகை ஆசிரியர் என்ற ஏற்பாடும் உண்டு. சொந்த அலுவலகம் வைத்திருப்பவர் பலருக்கு அதுதான் தோது.

கட்டடக்கலை வகுப்பு மற்ற வகுப்பைப் போன்றதில்லை. ஆசிரியர் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து, மாணவர் வரைந்த தாளின் மேல் டிரேசிங் தாளைப் போட்டுத் தானும் வரைந்து காட்ட வேண்டும். “இந்த அறைக்குக் காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பருவ முடிவில் ஜூரி நடக்கும். வெளியிலிருந்து வரும் ஆர்க்கிடெக்டுகள் முன்னால் மாணவர் தன் வடிவத்துக்கு வாதாடுவார். தலைக்கு இத்தனை மாணவர் என்று கவுன்சில் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். 1983 விதிமுறை ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவர் என்றது. ஆசிரியர்கள் தொழிலிலும் ஆய்விலும் ஈடுபடுவதை நிறுவனம் ஊக்குவிக்க வேண்டும் என்றும் அதே விதிமுறை சொன்னது. வேறு படிப்புகளில் வெளிவேலை பார்க்கும் ஆசிரியரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இங்கே அதுதான் தகுதி.

ஆனாலும் எம்.ஆர்க். முடித்த கையோடு, ஒரு கட்டடத்தைக்கூட அடித்தளத்திலிருந்து கைப்பிடிச்சுவர் வரை பார்க்காமல் ஆசிரியராகிவிடுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். சென்ட்ரிங் பிரித்த அன்று ஸ்லாபின் அடிப்பக்கம் தேன்கூடாக இருப்பதைப் பார்த்து வயிறு கலங்காதவர், கான்கிரீட்டைப் பற்றி மாணவருக்கு என்ன சொல்லிவிட முடியும்? இரண்டு மூன்று ஆண்டாவது யாரிடமாவது வேலை பார்த்துவிட்டுப் போவதே சரி.

பிள்ளையார்பட்டிக்காரர் போன வழி

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென் எல்லையைத் தாண்டினால் வருகிற பிள்ளையார்பட்டியில் 1927இல் பிறந்தவர் வை. கணபதி ஸ்தபதி. பரம்பரைச் சிற்பிக் குடும்பம். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தார். 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பள்ளி தொடங்கியபோது முதல் தலைவர் அவருடைய தந்தை வைத்தியநாத ஸ்தபதி. பின்பு அந்தப் பொறுப்பை மகன் ஏற்று, 1988 வரை வகித்தார்.

இந்த ஆண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடமும், 1976இல் திறக்கப்பட்ட சென்னை வள்ளுவர் கோட்டமும் அவர் ஆசிரியராக இருந்த காலத்து வேலைகள். வள்ளுவர் கோட்டத்துக் கல்தேர் எழும்பிய களம், பள்ளிக்கு வெளியே இன்னொரு வகுப்பறை. ஓய்வுக்குப் பிறகுதான் கன்னியாகுமரி வள்ளுவர் சிலை. 133 அடியில், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களுக்கு 95 அடி உருவம். 1990இல் தொடங்கிய வேலை 2000 ஜனவரி 1 அன்று திறப்பு விழா கண்டது. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் காவாய் என்ற தீவில் எழுந்த இறைவன் கோயிலும் அவர் வடிவமைத்ததே. 2009இல் பத்மபூஷண். 2011இல் மறைந்தார்.

அகமதாபாத்தில் பி.வி. தோஷி போனதும் இதே வழி. 1962இல் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார், அதன் கட்டடத்தையும் தானே வடிவமைத்தார், கூடவே தன் அலுவலகத்தையும் நடத்தினார். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர். ஒருவர் மரபுக் கல்வேலைக்காரர், மற்றவர் லே கொர்புசியேயிடம் வேலை பழகிய நவீனர். இருவருமே பள்ளிக்கும் பணியிடத்துக்கும் நடுவே சுவர் எழுப்பவில்லை.

மாவட்டமே பாடம்

கட்டடக்கலைக் கல்லூரிகளில் அளவெடுத்து வரைதல் என்று ஒரு பயிற்சி உண்டு. பழைய கட்டடம் ஒன்றை டேப்பும் தூக்குக்குண்டும் வைத்து அங்குலம் அங்குலமாக அளந்து தாளில் கொண்டுவருவது. அதற்குப் புதுக்கோட்டையைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

திருச்சி சாலையில் நார்த்தாமலை. மேலமலைச் சரிவில் ஏறினால் மேற்குப் பார்த்த விஜயாலய சோழீஸ்வரம். வெளியிலிருந்து பார்த்தால் சதுரமான விமானம். உள்ளே போனால் கருவறை வட்டம். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே சுற்றிவர ஒரு நடை. மேலே, விமானத்தின் கீழ்த்தளங்கள் சதுரமாகப் போய், உச்சித்தளம் வட்டமாகிறது. உள்ளே மறைத்துவைத்த வட்டத்தைச் சிற்பி உச்சியில் வெளிக்காட்டிவிடுகிறார். ஒரு பருவம் முழுக்க நடத்த வேண்டிய பாடம் இது. இன்னொன்றும் இருக்கிறது. சாத்தன் பூதி என்ற தலைவன் கட்டிய கோயில் மழையால் அழிந்ததாகவும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததாகவும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டடம் பழுதானதையும் சரிசெய்தவர் பெயரையும் கல்லில் பொறித்துவைத்த நேர்மை, இன்றைய ஒப்பந்ததாரர் யாரிடமாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

கொடும்பாளூர் மூவர் கோயிலின் மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அதிட்டானம் என்ற அடித்தளம் மட்டும் மிச்சம். மேல்கட்டு இல்லாததால் தரைப்படம் கண்ணெதிரே விரிந்துகிடக்கிறது. முதலாண்டு மாணவருக்குப் பிளான் என்றால் என்ன என்று புரியவைக்க அதைவிட எளிய வழி இல்லை.

ஆவுடையார்கோயிலில் கருங்கல்லை மரம்போல இழைத்துக் கம்பியும் ஆணியும் செதுக்கிய கொடுங்கை, அதாவது வளைந்த கூரைவிளிம்பு, இருக்கிறது. பழங்காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, இந்தக் கொடுங்கையைப் போன்ற வேலை நீங்கலாக மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். வாய்வழக்குதான். ஆனால் எது கட்டணத்தில் சேரும், எது சேராது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளத் தெரியாமல் தவிக்கும் இளம் ஆர்க்கிடெக்ட் ஒவ்வொருவரும் கேட்டுவைக்க வேண்டிய வாய்வழக்கு.

இராயவரம், கடியாபட்டி, அரிமளம், நச்சாந்துபட்டி என்று செட்டிநாட்டு ஊர்கள் பல இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். அந்த நேர்கோட்டில் காற்று ஓடும். வளவு முற்றத்தில் விழும் மழை வீட்டுக்குள்ளேயே சேகரமாகும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் பர்மா தேக்குத் தூணுக்காக வீடுகளைப் பிரித்து விற்பது நிற்கவில்லை. இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று பங்காளிகள் முடிவு செய்வதற்குள், வீட்டை அளந்து வரைந்து வைப்பதையாவது ஒரு கல்லூரி செய்யலாம்.

என்ன வேலை கிடைக்கும்?

வீடுகள், கல்யாண மண்டபம், தனியார் மருத்துவமனை, பள்ளிக்கூடம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக் கட்டும் வீட்டுக்கு ஆர்க்கிடெக்டைத் தேடி வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். தான் ஊரில் இல்லாதபோது தளத்தைப் பார்க்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும் என்பது அவர்களுடைய முதல் தேவை. அழகு இரண்டாவது. 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத்தைப் புரட்டிப்போட்டபோது கூரை ஓடுகளும் தகரங்களும் பறந்தன. காற்றுக்கு நிற்கும் கூரையைச் சின்னச் செலவில் எப்படிப் போடுவது என்ற கேள்வி அன்றிலிருந்து கிராமங்களில் உயிரோடு இருக்கிறது. செம்புராங்கல் கிடைக்கும் பூமி இது. அதைச் சுவருக்குப் பயன்படுத்தி வீடு கட்ட முன்வரும் ஒருவர் கிடைத்துவிட்டால், அது மாணவருக்குப் பாடம், ஊருக்கு மாதிரி, ஆசிரியருக்கு அடுத்த ஐந்து வேலை.

நேரந்தான் பெரிய இடைஞ்சல். ஆடியிலும் மார்கழியிலும் பூமிபூஜை போடப் பலர் தயங்குவார்கள், அப்போது மேசை வேலை பார்க்கலாம். தை பிறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவார்கள். தையில் குழி தோண்டிய வீட்டுக்கு ஸ்லாப் போடும் நாள் சித்திரை வாக்கில் வரும். ஏப்ரல், மே மாதத்தில் கல்லூரியில் ஜூரி. கொத்தனார் காலை ஆறு மணிக்குக் கலவை மெஷினை ஓடவிட்டுப் போன் செய்வார். ஒன்பது மணிக்கு முப்பது மாணவர் மாடலோடு காத்திருப்பார்கள். தனியாகச் சமாளிக்க முடியாது. தளத்தைப் பார்க்க நம்பகமான சிவில் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டாளியாக வைத்துக்கொள்கிறவர்தான் நிலைக்கிறார். அப்ரூவலுக்கு இன்ஜினியரிடம் போகும் ஊர்தானே இது, போட்டியாளரைப் பங்காளியாக்குவதில் இரட்டை லாபம்.

வெளிவேலைக்குக் கல்லூரியின் எழுத்துமூல அனுமதியை நியமன உத்தரவோடு சேர்த்தே வாங்க வேண்டும். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் ஆலோசனைப் பணிக்கு வாரத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு இருக்கிறது. தனியார் கல்லூரியில் அப்படி ஒரு கணக்கை நாமே கேட்டுப் பெற வேண்டும். ஆசிரியரின் பிளானை மாணவர் சும்மா வரைந்து கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மதிப்பெண் கையில் வைத்திருப்பவர் கேட்டால் எந்த மாணவர் மாட்டேன் என்பார்? பி.ஆர்க். படிப்பில் செய்முறைப் பயிற்சிக்கென்றே ஒரு பருவம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தன் அலுவலகத்தில் மாணவர் வேலை செய்ய வேண்டுமென்றால் அந்தப் பருவத்தில் உதவித்தொகை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அந்த மாணவரின் ஜூரியில் தான் உட்காராமல் இருந்துவிடலாம்.