இயந்திரக் கைக்கு ஒரு கண்

கண்ணை இறுக மூடிக்கொண்டு மேசைமேல் உள்ள பேனாவை எடுத்துப் பாருங்கள். நீங்களே வைத்த இடம் என்றால் எடுத்துவிடலாம். தங்கை அதை நான்கு விரற்கடை நகர்த்திவிட்டால்? கை வெறும் மேசையைத்தான் தடவும்.

1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு வந்த யூனிமேட் என்னும் ரோபோவின் நிலையும் இதுதான். சுடச்சுட வரும் உலோக வார்ப்புகளைச் சளைக்காமல் எடுத்தது. ஆனால் ஒவ்வொன்றும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும்.

ஓடும் பட்டையில் தாறுமாறாகக் கிடக்கும் வார்ப்புகளை எடுக்க, ஒரு காமிராவைப் பொருத்தினால் போதாதா? போதாது. வார்ப்பும் அழுக்குக் கறுப்பு, பட்டையும் அழுக்குக் கறுப்பு. காமிராவுக்குத் தெரிவது வெளிச்ச வேறுபாடு மட்டுமே.

1970களின் இறுதியில் அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘கான்சைட்’ அமைப்பு இதை அழகாகச் சமாளித்தது. பட்டையின் குறுக்கே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று சாய்வாக விழுகிறது. காமிரா நேர் மேலிருந்து அந்தக் கோடு விழும் இடத்தை மட்டும் பார்க்கிறது. பொருள் அங்கே வந்ததும், ஒளி அதன் மேற்பரப்பில் முன்னதாகவே பட்டுவிடுவதால், கோடு விளக்கின் பக்கமாக விலகுகிறது. ஒளியின் சாய்வு 45°, பொருளின் உயரம் 3 செ.மீ. என்றால் விலகலும் 3 செ.மீ. (டேன் 45° = 1 அல்லவா?) காமிரா பார்க்கும் இடம் இருண்டுவிடும். இருள் என்றால் பொருள்! நிறத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

“உயரமான பொருள், கோட்டை அடையுமுன்பே விளக்கை மறைத்துவிடாதா?” என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. மறைக்கத்தான் செய்யும், வராத பொருளை வந்ததாகக் காமிரா எண்ணிவிடும். ஆகவே வேறொரு திசையிலிருந்து இன்னொரு விளக்கும் அதே கோட்டில் ஒளி பாய்ச்சுகிறது. ஒன்று மறைந்தாலும் மற்றது எரியும்.

பட்டை நகர நகர, இருண்ட துண்டுகளைக் கணிப்பொறி வரிவரியாக அடுக்கிப் பொருளின் உருவத்தைப் பெறுகிறது. அதன் மையத்தையும் நீளவாக்கின் திசையையும் கணக்கிடுகிறது. அதற்குள் பட்டை சும்மா இருக்குமா? வினாடிக்கு 20 செ.மீ. வேகம் என்றால் அரை வினாடியில் பொருள் 10 செ.மீ. போய்விடும். எனவே பட்டையின் நகர்வையும் அளந்து, பொருள் எங்கே இருக்கப்போகிறதோ அங்கே கை நீட்டப்படுகிறது.

இன்று விளக்குக்குப் பதிலாக லேசர் வந்துவிட்டது, முறை அதேதான். நீங்களும் செய்து பார்க்கலாம். டார்ச் விளக்கின் முகத்தை அட்டையால் மூடி, பிளேடால் மெல்லிய பிளவு கீறுங்கள். இருட்டறையில் 45° சாய்வில் மேசைமேல் ஒளிக்கோட்டை விழச்செய்து, நடுவில் ஓர் அழிப்பானை வையுங்கள். கோடு எவ்வளவு விலகுகிறது என்று நேர் மேலிருந்து பார்த்து அளந்தபின், அழிப்பானின் உயரத்தையும் அளந்து பாருங்கள்.