சூத்திரத்துக்கு முந்தைய உலகம்

வெயில் சுடுகிறது, பால் திரிந்துவிட்டது, பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிறார்கள். எந்த ஆராய்ச்சியும் தொடங்கும் முன்பே மனிதர் புழங்கிக்கொண்டிருக்கும் இந்த உலகத்தை, அனுபவத்தை அது தோன்றுகிறபடியே ஆராயும் நிகழ்வியல் தத்துவம் 'வாழ்வுலகம்' என்கிறது. இதைத் தத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் (1859–1938). கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால், அறிவியல் தெரியாமல் அதைக் குறை சொன்னார் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது.

யூதக் குடும்பத்தில் பிறந்தவருக்கு நாஜி ஆட்சியில் பல்கலைக்கழகக் கதவு மூடியது. 1935இல் வியன்னாவிலும் பிராகிலும் அவர் ஆற்றிய உரைகள் 'ஐரோப்பிய அறிவியல்களின் நெருக்கடி' என்ற நூலாக வளர்ந்தன. முதல் இரு பகுதிகள் 1936இல் பெல்கிரேடு இதழொன்றில் வந்தன. வாழ்வுலகத்தை விரிவாகப் பேசும் மூன்றாம் பகுதி 1954இல்தான் அச்சேறியது. நூலை அவர் முடிக்கவே இல்லை.

நூல் சொல்லும் நெருக்கடி இதுதான்: கலிலியோவுக்குப் பின் அளக்கக்கூடியது மட்டுமே மெய், நிறமும் மணமும் சூடும் மனத்தின் வேலை என்றாகிவிட்டது. சூத்திரங்கள் உலகத்துக்குப் போர்த்திய ஆடை. ஆடையையே உடம்பு என்று நம்பிவிட்டார்கள் என்பது ஹுஸ்ஸெர்லின் குற்றச்சாட்டு. வடிவியலே நிலம் அளந்தவர்கள், பரப்பை இழைத்தவர்கள் கையிலிருந்து வந்ததுதான். இழைக்க இழைக்கப் பலகையின் விளிம்பு நேராகிறது. இனி இழைக்கவே வேண்டாத நேர்த்தன்மையை மனம் எண்ணிப் பார்க்கும் இடத்தில் வடிவியலின் கோடு பிறக்கிறது.

அவர் தரும் இன்னோர் உதாரணம் இயற்பியலாளர் மைக்கல்சனின் ஒளிச் சோதனை. அதை ஐன்ஸ்டீன் தன் சார்பியல் கொள்கைக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்கிறார் ஹுஸ்ஸெர்ல். (எந்த அளவுக்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை, வாதத்துக்கு அது தடையல்ல.) கருவி இருந்த அறை, அளவுகோலைப் படித்த கண், முடிவைச் சரிபார்த்த சக ஆய்வாளர் யாவும் எல்லோருக்கும் பொதுவான அன்றாட உலகத்தில் இருப்பவை. சார்பியல் கொள்கை அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அவை இல்லாமல் அதற்குச் சான்றும் இல்லை. அறிவியல் பொய் என்பதல்ல ஹுஸ்ஸெர்லின் வாதம். அது நிற்கும் தரையை மறந்துவிட்டது என்பதே.

வங்கிப் பணியில் இருந்தபடியே இச்சிந்தனையைச் சமூகவியலுக்குக் கொண்டுபோனவர் வியன்னாவின் ஆல்ஃப்ரெட் ஷூட்ஸ். நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் சேர்ந்த அவர், 1944இல் அந்நியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உள்ளூர்க்காரர் யோசிக்காமலே செய்யும் காரியம் ஒவ்வொன்றும் புதிதாக வந்தவருக்குப் புதிராகிறது. உள்ளூர்க்காரர் கண்ணுக்கே படாத வழக்கங்கள் அவருக்குத்தான் முதலில் தெரிகின்றன. ஜெர்மன் தத்துவவாதி யுர்கன் ஹாபர்மாஸ் 1981இல் இதே கருத்தை அரசியலுக்குத் திருப்பினார்: குடும்பத்திலும் பள்ளியிலும் பேசித் தீர்க்க வேண்டியவற்றைப் பணமும் நிர்வாக அதிகாரமும் தீர்மானிக்கத் தொடங்கும்போது, அவை வாழ்வுலகத்தைக் காலனியாக்குகின்றன என்றார்.