ஸ்டெதாஸ்கோப்பில் ஏன் கேட்கவில்லை?

அரவேணுவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கோவையில் மருத்துவம் படிக்கிறாள். (2022-இல் உதகையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது, இவளுக்கு இடம் கிடைத்ததோ கோவையில்.) விடுமுறைக்கு வந்த அன்று மாலையே ஸ்டெதாஸ்கோப்புடன் என் முன் வந்து நின்றாள்.

"சார், வார்டில் ஒரு அம்மாவுக்கு ஈரிதழ் வால்வு குறுகியிருந்தது. நெஞ்சில் உறுமல் கேட்கிறதா என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டிவிட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கோளாறு இதிலா, என் காதிலா?"

மருத்துவம் நான் அறியேன். ஆனால் ஒரு குழாய்க்குள் அடைபட்ட காற்று இயற்பியல் ஆசிரியனுக்கு அந்நியப் பொருளன்று. 1816-இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் மார்பில் நேரே காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். பிறகு அதையே மரக்குழாயாகச் செய்துகொண்டார். இரு காதுக்குமான கருவி 1850-களில் வந்தது. இவை யாவற்றிலும் வேலை செய்வது அடைபட்ட காற்றுதான். தோல் அதிர்கிறது, காற்று அழுந்தித் தளர்கிறது, செவிப்பறை அசைகிறது.

அவளை அணிந்துகொள்ளச் சொன்னேன். காதுமுனைகள் பின்னோக்கி இருந்தன! நம் காதுத் துளை நேரே உள்ளே செல்வதில்லை. சற்று முன்புறமாகச் சாய்ந்து செல்கிறது. ஆகவே காதுமுனைகள் மூக்கை நோக்கி இருக்க வேண்டும். மாற்றி அணிந்தால் அவை துளையின் சுவரில் முட்டி நிற்கும். ஓரத்தில் இடைவெளி விழும்.

சின்ன இடைவெளிதானே என்று எண்ண வேண்டாம். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை மெதுவாக அழுத்திப் பாருங்கள். காற்று நழுவிவிடும், கை எதிர்ப்பையே உணராது. வேகமாக அழுத்தினால் ஓரளவு எதிர்க்கும். ஒலியிலும் அப்படியே. மெதுவாக மாறும் அழுத்தத்திற்கு, அதாவது தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு, இடைவெளி வழியே கசிய நேரம் இருக்கிறது. இதய ஒலிகளின் பெரும்பகுதி 150 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். நம் காது அந்த எல்லையில் இயல்பாகவே மந்தம். கசிவும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்?

காதுமுனைகள் தளர்வாக இருந்தால் உலோகக் குழாய்கள் ரப்பரில் சேருமிடத்தில் மெல்ல நெருக்க வேண்டும். காது வலித்தால் அவற்றைச் சிறிது விலக்க வேண்டும்.

திருப்பி அணிந்தாள். இன்னும் மந்தமாகவே இருந்தது. அன்று மதியம்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மலையேறி வந்திருந்தாள், சளி வேறு. அங்கிருந்து கோத்தகிரியை எட்டுவதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நடுச்செவியின் காற்று வெளியேறாவிட்டால் செவிப்பறை வெளிப்புறமாக உப்பி விறைத்துக்கொள்ளும். விறைத்த தோல் தாழ்ந்த ஒலிக்கு எளிதில் அசையாது. வெந்நீர் கொடுத்து இரண்டு மிடறு விழுங்கச் சொன்னேன். காது திறந்தது.

வார்டில் மலையும் இல்லை, சளியும் இல்லையே, அங்கு ஏன் கேட்கவில்லை? அவள் கருவியின் தலைக்கு இரண்டு முகங்கள். ஒன்றில் மெல்லிய தகடு. மற்றொன்று குழிந்த மணி. தண்டைச் சுழற்றினால் 'கிளிக்' என்று ஒரு முகம் திறக்கும், மற்றது மூடும். எது திறந்திருக்கிறது என்று அறிய, காதில் மாட்டிக்கொண்டு தகட்டை விரலால் மிக மெதுவாகத் தட்டினால் போதும். வார்டில் அவள் மணியைத்தான் திருப்பியிருக்கிறாள். ஆனால் கேட்கவில்லையே என்று அழுத்தியிருக்கிறாள், மேலும் அழுத்தியிருக்கிறாள்.

மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறுகிய வலந்தலை உயர்ந்த ஒலி தரும். தளர்ந்த தொப்பி தாழ்ந்த ஒலி தரும். தகடு வலந்தலை போன்றது; தாழ்ந்த ஒலிகளை அடக்கி, மூச்சொலி போன்ற உயர்ந்தவற்றைத் தெளிவாக்கும். அதை நன்றாக அழுத்தலாம். மணிக்கோ நோயாளியின் தோலே தொப்பி. அழுத்தினால் தோல் இறுகி வலந்தலையாகிவிடும்! குறுகிய வால்வின் வழியே சுழித்துப் பாயும் இரத்தம் எழுப்புவது தாழ்ந்த உறுமல். கேட்க வேண்டும் என்ற ஆவலில் அவள் அதைத் தானே அடக்கியிருக்கிறாள். மணியின் விளிம்பு இடைவெளியின்றிப் படிந்தால் போதும். அதற்கு மேல் அழுத்தம் கூடாது. நோயாளியை இடப்புறம் சாய்ந்து படுக்கவைத்தால் இதயத்தின் நுனி மார்புச் சுவருக்கு நெருங்கி வரும் என்று அவளே பாடத்தை நினைவுகூர்ந்தாள்.

விலை உயர்ந்த கருவி வாங்கலாமா என்றும் கேட்டாள். நல்ல கருவி உதவும்தான். ஆனால் கசிகிற காதில் எந்த விலைக் கருவியும் கசியும்.

என் நெஞ்சில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மார்கழிக் குளிரில் அந்த உலோகம் பட்டதும் உடல் நடுங்கிவிட்டது. நடுங்கும் தசைகளும் தாழ்ந்த ஒலி எழுப்பி இதய ஒலியை மறைக்கும். "முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கு அம்மா," என்றேன். சிரித்துக்கொண்டே கையில் பொத்தி வைத்திருந்துவிட்டு, மறுபடி வைத்தாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு விரலால் மேசையில் தாளம் தட்டத் தொடங்கினாள்: லப்-டப், லப்-டப்.