65 கிலோ தொட்டியும் அதன்மேல் ஒரு காரும்

டீ வரட்டும். அதற்குள் இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 850, 895. 2011 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 4சி என்ற கான்செப்ட் காரைக் காட்டியது. எடை 850 கிலோவுக்குள் இருக்கும் என்று அப்போது வாக்குக் கொடுத்தது. 2013இல் அதே கார் விற்பனைக்கு வந்தபோது எடை 895 கிலோ. கண்காட்சி மேடையிலிருந்து கடைக்கு வருவதற்குள் நூறு, இருநூறு கிலோ ஏறிவிடும் கார்கள்தான் அதிகம். இது நாற்பத்தைந்தோடு நின்றது. இந்தக் காரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

895 என்றால் எவ்வளவு? நம் தெருவில் ஓடும் மாருதி ஸ்விஃப்ட்டும் ஏறத்தாழ 900 கிலோதான். அதில் எண்பது சொச்சம் குதிரைத்திறன். ஒரு குதிரை 11 கிலோ சுமக்கிறது. 4சியில் 240 குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு நாலு கிலோகூட இல்லை. நிற்கிற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.5 விநாடியில் தொடுவது அதனால்தான். இவ்வளவுக்கும் இன்ஜின் 1.75 லிட்டர், நாலு சிலிண்டர், ஒரு டர்போ. பெரிய இன்ஜினைத் திணித்து இந்த வேகத்தை வாங்கவில்லை.

அந்த இன்ஜின் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால். இதைத்தான் மிட்-இன்ஜின் என்கிறார்கள். எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்டால், தண்ணீர்க் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் இரண்டு நுனியிலும் குடம் தொங்கினால் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பத் தொடங்கவும் நேரமாகும், தொடங்கிய பிறகு நிறுத்தவும் நேரமாகும். அதே குடங்களைத் தோளுக்குப் பக்கத்தில் நகர்த்தினால் சுமை அப்படியே இருக்கும், ஆனால் உடம்பு சுலபமாகத் திரும்பும். தூரம் பாதியானால் அந்தச் சுமை திரும்ப மறுக்கும் குணம் கால் பங்காகிறது. காரில் இருப்பதிலேயே கனமானவை இன்ஜினும் கியர்பாக்ஸும். அவற்றை நடுவுக்குக் கொண்டுவந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே வளைவுக்குள் போகும்.

இன்னொரு லாபமும் உண்டு. 4சியின் எடையில் சுமார் 40 சதவீதம் முன் சக்கரங்கள்மேலும் 60 சதவீதம் பின் சக்கரங்கள்மேலும் விழுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எடை இன்னும் பின்னால் சாயும். இழுக்கும் சக்கரங்களும் பின்னால்தான், ஆகவே அவை தரையை விடாமல் பிடிக்கும். பிரேக் போட்டால் எடை முன்னால் ஓடும். முன்பக்கம் ஏற்கெனவே லேசாக இருப்பதால் நாலு சக்கரமும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்.

இதன் விலையையும் சொல்லியாக வேண்டும். சுலபமாகத் திரும்பும் கார் சுலபமாகச் சுற்றிக்கொள்ளவும் செய்யும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டால் பின்பக்கம் லேசாகி வெளியே வீசும்; அதைப் பிடிக்க நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால்தான் முன்னால் 205 மில்லிமீட்டர் அகல டயரும் பின்னால் 235உம் போட்டார்கள். டிக்கி என்று சொல்லிக்கொள்ள இருப்பது இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழி மட்டுமே.

இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. ஆல்ஃபாவின் ஜூலியட்டா ஒரு சாதாரணக் குடும்பக் கார். இன்ஜின் முன்னால் குறுக்குவாட்டில் படுத்து, முன் சக்கரங்களை ஓட்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக இருப்பதால் அதை அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடலாம். இத்தாலியர்களுக்கு இது பழகிய வழி. 1969 டூரின் கண்காட்சியில் வடிவமைப்பு நிறுவனமான பெர்ட்டோனே காட்டிய ரனபவுட் என்ற கான்செப்ட் கார் இதே யோசனையில் பிறந்தது. அதன் வழித்தோன்றலாக 1972இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9 காரில், ஃபியட் 128 என்ற குடும்பக் காரின் இன்ஜின் நடுவில் உட்கார்ந்தது. 4சிக்காக ஜூலியட்டா இன்ஜினின் வார்ப்பிரும்பு பிளாக்கை எடுத்துவிட்டு அலுமினியத்தில் வார்த்தார்கள். அதில் மட்டும் 22 கிலோ மிச்சம்.

இப்போது தொட்டிக்கு வருவோம். இரண்டு பேர் உட்காரும் நடுப்பகுதிதான் அது. முழுவதும் கார்பன் ஃபைபரில் ஒரே வார்ப்பு. எடை 65 கிலோ. இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கிவிடலாம். அதன் முன்னும் பின்னும் அலுமினியச் சட்டங்களைப் போல்ட் போட்டு முடுக்கி, சஸ்பென்ஷனையும் இன்ஜினையும் அவற்றில் மாட்டினார்கள். இடித்தால் நசுங்க வேண்டியது சட்டம். தொட்டி முழுதாக நிற்க வேண்டும்.

கார்பன் ஃபைபர் என்றதும் ஏதோ மாயப் பொருள் என்று நினைப்பு வருகிறது. நெய்த துணிதான் அது. பிசின் ஊறிய துணியை அளவாக வெட்டி, அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பை போட்டு மூடிக் காற்றை உறிஞ்சி, அழுத்தமும் சூடும் உள்ள பெரிய அடுப்பில் வேகவைக்கிறார்கள். நார் நீளவாக்கில்தான் பலம். குறுக்கே இழுத்தால் பலம் பிசினுக்கு உள்ளதுதான். ஆகவே எந்த அடுக்கை எந்தக் கோணத்தில் போடுவது என்பதில்தான் பொறியாளரின் மூளை இருக்கிறது. விசை வருகிற இடத்தில், வருகிற திசையில் கூடுதல் அடுக்கு. வராத இடத்தில் மெல்லிசு. இந்தச் சலுகை இரும்புத் தகட்டில் சுலபமாகக் கிடைக்காது. அடர்த்தியிலும் இரும்பு தண்ணீரைப்போல் 7.8 மடங்கு, அலுமினியம் 2.7, கார்பன் கலவை சுமார் 1.6.

4சியின் கதவைத் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலைத் தூக்கித் தாண்ட வேண்டிய அகலமான கருப்பு விளிம்பு. அதில் துணியின் இழை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவது அப்படியே தெரியும். பெயின்ட் இல்லை, மேலே மூடும் பிளாஸ்டிக் இல்லை. அழகுக்காக விட்டது என்று தோன்றும். மூடியிருந்தால் எடை ஏறியிருக்கும் என்பதும் உண்மை. முன் கண்ணாடிகூட வழக்கத்தைவிட மெலிசு, நாலு மில்லிமீட்டர்தான்.

எடை குறைப்பதில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் சங்கிலித் தொடர். முன்பக்கம் லேசானது, அதனால் ஒல்லி டயர் போதும். டயர் ஒல்லியானது, அதனால் கையாலேயே திருப்பலாம். பவர் ஸ்டீயரிங் தேவையில்லை. அது போனதும் அதன் மோட்டாரும் ஒயரிங்கும் போயின. முன்பக்கம் இன்னும் லேசானது. நிறுத்த வேண்டிய சுமை குறைவு, அதனால் பிரேக் சின்னது. தள்ள வேண்டிய சுமை குறைவு, அதனால் இன்ஜின் சின்னது. சின்ன இன்ஜினுக்குச் சின்னப் பெட்ரோல் டாங்க். ஒரு இடத்தில் விட்ட கிலோ இன்னொரு இடத்தில் அரைக் கிலோவை விடவைக்கிறது. இது எதிர்த்திசையிலும் அப்படியே நடக்கும் என்பதுதான் ஆபத்து. ஒரு சின்ன வசதியைச் சேர்த்தால் அது தனக்குத் துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரும்.

ஆகவே பொருளைவிடப் பிடிவாதம்தான் முக்கியம் என்பது என் கருத்து. அதற்குச் சாட்சி லோட்டஸ் எலீஸ். 1995இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்டப்பட்ட அந்தக் காரில் கார்பன் ஃபைபர் சேஸிஸ் கிடையாது. அச்சில் பிதுக்கி எடுத்த அலுமினியப் பட்டைகளை எப்பாக்ஸி பசையால் ஒட்டினார்கள், வெல்டிங்கே இல்லாமல். சேஸிஸ் 68 கிலோ, முழுக் கார் 725 கிலோ பக்கம். வெல்டிங் சூட்டில் அலுமினியம் பலமிழக்கும். பசைக்கு அந்தத் தொல்லை இல்லை, பட்டையையும் மெலிதாக வைத்துக்கொள்ளலாம். கார்பனைத் தொடாமலே எலீஸ் 4சியைவிட லேசாக இருந்தது. காற்றுப்பைகளும் சொகுசுகளும் அதில் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

அங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. 4சியை அமெரிக்காவில் விற்கப்போனபோது அந்த நாட்டு விபத்து விதிகளுக்காகத் தொட்டிக்குள் அலுமினியப் பட்டைகளைப் புதைத்தார்கள், மற்றவற்றையும் சேர்த்தார்கள். கார் ஏறத்தாழ 100 கிலோ கூடியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உயிர் காக்கும் கிலோவும் வீண் கிலோவும் ஒன்றல்ல. நான் குறை சொல்வது வேறு: பெரும்பாலான கார்களில் ஏறுவது இரண்டாம் வகை.

நம் நாட்டிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 2017 ஜெனீவா கண்காட்சியில் டாடா மோட்டார்ஸ் காட்டிய ரேசிமோ, இரண்டு இருக்கை, 1.2 லிட்டர் டர்போ, 190 குதிரைத்திறன், இன்ஜின் நடுவில். அது கடைக்கு வரவேயில்லை. வந்திருந்தால் நம் பொறியாளர் பிள்ளைகள் பிரித்துப் பார்த்துக் கற்க ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் சொன்ன 895 உலர் எடை. பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் ஊற்றாமல் நிறுத்தது. ஓடத் தயாரான எடை அதைவிடக் கூடுதல். இனி எந்த ஸ்போர்ட்ஸ் காரின் அறிவிப்பைப் படித்தாலும் குதிரைத்திறனுக்கு முன்னால் எடையைத் தேடுங்கள். எடை கிடைத்ததும் அது உலர்ந்ததா, ஊற்றி நிரப்பியதா என்று பாருங்கள். அதைச் சொல்லாமல் விட்ட அறிவிப்பை நம்ப வேண்டாம்.